கல்லில் நின்ற மாப்பிள்ளை

‘பொன்னியின் செல்வ’னில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனை மறப்பவர் உண்டா? 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய கதையின் நாயகன் அவன். ஆனால் அந்தப் பெயரில் மெய்யாகவே ஒருவர் வாழ்ந்தார். வல்லவரையர் வந்தியத்தேவர், சோழர் வீட்டு மாப்பிள்ளை. இராசராசனின் அக்காள் குந்தவையின் கணவர்.

அவர் பெயர் நிலைத்தது எதனால்? வாளாலா? இல்லை, மனைவியால்! தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவு பெற்றது. அதற்குக் குந்தவையார் பொன்னும் நகையும் வழங்கினார். தம் தந்தை சுந்தர சோழருக்கும் தாயாருக்கும் படிமம் எடுப்பித்தார். அந்தக் கொடைகளைக் கல்லில் பொறித்தபோது, தாம் இன்னாரின் தமக்கை, வந்தியத்தேவரின் தேவி என்றும் பொறிக்கச் செய்தார். ஒரு குடும்பமே ஆயிரம் ஆண்டு நின்றுவிட்டது!

இது நம் லயத்து வீடுகளுக்கும் பாடம்தான். கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்த மலைகளில் காடழித்துக் கொழுந்து பறித்த நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? செக்ரோல் ஏடு தொலைந்தால் பெயரும் தொலைந்தது.

சகோதரிகளே, வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வேலை செய்த தோட்டம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கோயில் எழுப்ப நம்மிடம் பொன் இல்லை, பேனா இருக்கிறதே!