வாசகன்மீது பழி போடுவோருக்கு

ஒவ்வோர் ஆண்டும் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு நம் சிற்றிதழ்ச் சூழலில் ஓர் ஒப்பாரி எழும். சமையலும் சோதிடமும் சுயமுன்னேற்றமும் விற்றுத் தீர்ந்தன, இலக்கியம் மட்டும் கட்டுப் பிரிக்கப்படாமல் வீடு திரும்பியது என்பது அதன் பல்லவி. தமிழனுக்கு ரசனையில்லை என்பது அனுபல்லவி. இந்த ஒப்பாரியில் நாமும் குரல் சேர்த்தவர்கள்தாம். இனிச் சேர்ப்பதாக இல்லை.

சந்தைப்படுத்தல் என்றாலே விளம்பரக் கூச்சல் என்று பொருள்கொண்டு காதைப் பொத்திக்கொள்கிறோம். 1960இல் தியோடர் லெவிட் எழுதிய ‘மார்க்கெட்டிங் மயோபியா’ என்ற புகழ்பெற்ற கட்டுரை சொல்வதோ வேறு. கையிருப்பைத் தள்ளிவிட முனைவது விற்பனை. வாங்குபவனுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியில் தொடங்குவது சந்தைப்படுத்தல். அதே ஆண்டில் ஜெரோம் மெக்கார்த்தி பண்டம், விலை, இடம், பரப்புரை என நான்கு கூறுகளை வகுத்தார். இந்நான்கில் பண்டம் எழுத்தாளனுக்கு உரியது. அதில் கைவைக்க எந்தச் சந்தைக்கும் உரிமையில்லை. எஞ்சிய மூன்றும் பதிப்பாளரின் கடமை. அக்கடமையில் தவறிவிட்டு வாசகனைத் தூற்றுவது என்ன நியாயம்?

அரங்கில் நுழையும் வாசகன் என்ன செய்கிறான் என்று நின்று பார்த்திருக்கிறோமா? அட்டையைப் பார்க்கிறான். புரட்டிப் பின்னட்டையைப் படிக்கிறான். பெரும்பாலும் அங்கே இருப்பது ஆசிரியரின் புகைப்படமும் விருதுப் பட்டியலும்; நூல் எதைப்பற்றியது என்று ஒரு வரி இராது. நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கிறான். விலையைப் பார்க்கிறான். வைத்துவிடுகிறான். விலை மட்டுமே அவனைத் தடுக்கவில்லை. ‘புரியாமல் போனால்?’ என்ற அச்சமும் தடுத்தது. அதே பணத்தைச் சமையல் நூலுக்குக் கொடுக்கையில் அந்த அச்சம் இல்லை.

வாங்கிய பிறகும் கதை முடிவதில்லை. சுந்தர ராமசாமியை முதன்முதலாகப் படிக்க வருபவனிடம் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளை நீட்டுகிறோம். ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் தொடங்கு என்று சொல்ல ஆளில்லை. பத்தாம் பக்கத்தில் மூடியவன் அடுத்த ஆண்டு அந்த அரங்கின் பக்கமே வருவதில்லை. ஒருமுறை ஏமாந்ததாக உணர்ந்தவனை மீட்பது புதியவனைச் சேர்ப்பதைவிடக் கடினம்.

வாசகனை நாடிச் சென்றால் இலக்கியம் இழிந்துவிடும் என்பாருக்கு ஒன்று சொல்வோம். 1935இல் ஆலன் லேன் பெங்குவின் வரிசையை ஆறு பென்ஸ் விலையில், ஒரு சிகரெட் பெட்டியின் விலைக்கு, வெளியிட்டார். வூல்வொர்த் என்ற மலிவுவிலைக் கடை அவற்றை அள்ளி வாங்கியது. அந்த முதல் பத்து நூல்களில் அகதா கிறிஸ்டி மட்டுமல்ல, ஹெமிங்வேயும் இருந்தார். மாறியவை விலையும் இடமும். ஹெமிங்வேயின் ஒரு சொல்கூட மாறவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா, தம் வெளியீடுகளைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். சமரசமின்மைக்கு அவரை உதாரணம் காட்டும் நாம் அந்தப் பையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். எழுத்தில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்காதவர், வாசகனின் வாசலுக்குச் செல்வதை இழுக்காகக் கருதவில்லை.

நாமோ நூலக ஆணைக்குக் காத்திருக்கப் பழகிவிட்டோம். ஆணை வந்தால் வாசகன் தேவையில்லை. வராவிட்டால் வாசகன் குற்றவாளி. இரண்டு நிலையிலும் அவன் முகத்தை நாம் பார்ப்பதில்லை.

நல்ல நூல் தானே விற்கும் என்பது ஒரு மூடநம்பிக்கை. நல்ல நூல் விற்கவே விற்காது என்பது அதைவிடக் கொடிய மூடநம்பிக்கை. நம் சோம்பலுக்குத் தியாகப் பட்டம் சூட்டுவது அதுதான். வாசகன் நம்மைப் புறக்கணித்தான் என்று எழுதுமுன், அவனை என்றைக்குச் சந்தித்தோம் என்பதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.