நாள் குறித்தவர்களும் காத்திருந்தவர்களும்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கடற்கரையெங்கும் கடல் ஊருக்குள் ஏறியது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலம் பெயர்ந்துபோயிற்று. சில வாரங்கள் கழித்து நாகர்கோவிலை அடுத்த ஒரு சிற்றூரில் நற்செய்திக் கூட்டத்தின் ஒலிபெருக்கி சொன்னது: இது வருகையின் அடையாளம், இன்னும் கொஞ்சகாலந்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்க மீனவர்கள். அவர்களுடைய சாவு வேறு யாருடைய அட்டவணைக்கோ சான்றாகிவிட்டது.

அன்று தொடங்கிய விவாதம் எங்கள் நண்பர் வட்டத்தில் இன்னும் முடியவில்லை. ஒருவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர். இரகசிய வருகை, உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து, ஆயிரவருட அரசாட்சி என்று வரிசைப்படி வைத்திருக்கிறார். இன்னொருவர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். வெளிப்படுத்தின விசேஷம் முதல் நூற்றாண்டின் இறுதியில் ஆசியா மைனரின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது, அதன் மிருகம் ரோமப் பேரரசு என்பது அவர் கட்சி. 666 என்பது நீரோவின் பெயரை எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பில் கூட்டினால் வருவது என்றும், சில பழைய பிரதிகளில் அது 616 என்றிருப்பதையும் சொல்வார். எனக்கு ஆசிரியர் பக்கமே சாய்வு. நெப்போலியன், ஹிட்லர், ஐரோப்பியப் பொதுச்சந்தை, பார்கோடு, கடைசியில் கொரோனாத் தடுப்பூசி என்று இத்தனை முறை ஆள் மாறிய மிருகத்தை எப்படி நம்புவது?

நாள் குறிப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனைச் சுற்றி ஓர் எழுப்புதல் எழுந்தது. அவர் பிரதரன் இயக்க முன்னோடியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் மாணவர். இரகசிய வருகைக் கோட்பாட்டுக்கு இன்றைய வடிவம் தந்த டார்பியும் அதே இயக்கத்தவர்தான். அந்த எழுப்புதலின் அலை 1870களில் மத்தியத் திருவிதாங்கூரை எட்டியபோது, தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். ஆண்டு கடந்தது. வருகை நிகழவில்லை. ஆனால் கூட்டம் முற்றாகக் கலைந்துவிடவில்லை. யூயோமயம் என்ற பெயரில் தனிச் சபையாயிற்று. ஏமாற்றம் நம்பிக்கையை அழிக்கும் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பிழை.

டார்பி தம் போதனையை வகுத்த அதே 1830களில்தான், 1833இல், வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டதாக அய்யாவழியினர் நம்புகிறார்கள். அகிலத்திரட்டு அம்மானையும் முடிவைத்தான் பேசுகிறது: கலி அழியும், தருமயுகம் வரும். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. லண்டன் மிஷனுக்கு அவர் பெருந்தடையாகவே தெரிந்தார். ஆனால் தோள்சீலை அணியவே போராட வேண்டியிருந்த, தலைக்கும் வரி கட்டிய மக்களுக்கு 'இந்த ஆட்சி முடியும்' என்ற சொல் என்னவாக இருந்திருக்கும்? ரோமின் கீழிருந்த ஏழு சபைகளுக்கும் அது அப்படித்தான் இருந்திருக்கும். அந்தச் சொல்லைப் பஞ்சாங்கமாக்கும்போது, யாருடைய ஆட்சி முடியவேண்டும் என்ற கேள்வியே காணாமல் போகிறது. என் மனத்தாங்கல் இதுதான்.

இதைச் சொன்னபோது பெந்தெகொஸ்தே நண்பர் சிரித்தார். "உங்களுக்கு அது கவிதை. வீட்டில் அரிசி இருப்பவனுக்குக் கவிதை போதும். எங்க அம்மைக்கு அவர் மெய்யாகவே வரணும்" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. படித்தவர்களின் குறியீட்டு வாசிப்பில் ஒரு சொகுசு இருக்கத்தான் செய்கிறது.

ஆனாலும் அந்த ஒலிபெருக்கியை என்னால் மன்னிக்க முடியவில்லை. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாமின் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. மற்றவர்களைவிட அவர்கள் பெரும்பாவிகள் என்று எண்ணுகிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்கிறார். இதை எடுத்துக் காட்டினேன். நண்பர் விடவில்லை, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அவ்வாறே அழிவீர்கள் என்ற பொருளில் அதற்கடுத்து வருவதையும் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த எச்சரிக்கை கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கானது. இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற ஞாயிறு மீண்டும் உட்காருவதாக இருக்கிறோம்.