மீற்றரை நாமும் பார்ப்போம்

எங்கள் கந்தோரின் வாடகைப் போட்டோக்கொப்பி இயந்திரத்தின் மீற்றரை முன்பு மாத முடிவில் ஒரு பையன் வந்து குறித்துச் செல்வான். நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். இப்போது இயந்திரமே நெற்வேர்க் வழியாக எண்ணிக்கையைக் கம்பனிக்கு அனுப்பிவிடுகிறது. இதற்கான பொது விதிமுறை 1995இலேயே வந்தது, நமக்குத்தான் புதிது. டோனர் குறைந்தாலும் நாம் சொல்லத் தேவையில்லை. வசதிதான். ஆனால் தராசு அவர்கள் கையில் அல்லவா?

சென்ற மாதம் பில் கூடியிருந்தது. இயந்திரத்திலேயே எண்ணிக்கைப் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்தேன். ஏ3 தாள் ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தில் அப்படி இல்லை. காட்டியதும் கழித்துத் தந்தார்கள்.

வியாபார நண்பர்களே, மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை எடுத்து பில்லோடு கோத்து வையுங்கள். கலர், கறுப்பு எண்களைத் தனித்தனியே பாருங்கள். தலைப்பில் சின்னக் கலர் இலச்சினை இருந்தாலே முழுப் பக்கமும் பெரும்பாலும் கலர்க் கணக்கில் சேர்ந்துவிடும்.