சோறு குற்றவாளியா?

"சோற்றை விட்டேன், ஒரே வாரத்தில் மூன்று கிலோ போச்சு!" என்று மார்தட்டுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். போனது என்ன? பெரும்பாலும் தண்ணீர்!

உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் நீரும் இருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் போகும். மறுபடி இட்லி தின்றால் இரண்டும் திரும்பி வரும். இதுதான் முதல் வார அதிசயம்!

அப்படியானால் குறைமாவு உணவு மோசடியா? இல்லை. லண்டன்காரர் வில்லியம் பாண்டிங் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு மெலிந்ததை 1863-லேயே எழுதி வெளியிட்டார். மெலியலாம், உண்மை. அது ஒன்றே வழி என்பதுதான் பொய். 2018-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருட முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இளைத்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. இதற்கா இத்தனை சண்டை?

குறைத்த எடையைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. கல்யாணப் பந்தியைக் கண்டால் ஓடி ஒளிய வேண்டிய உணவுமுறை எத்தனை வருடம் தாங்கும்? சோற்றைப் பாதியாக்கி, பொரியலை இரட்டிப்பாக்கி, கூடவே முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொண்டு, டீயில் சர்க்கரையை விட்டவர் ஆயுள் முழுக்கத் தாக்குப்பிடிப்பார்.

இன்னொன்று. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழலாம். "முதலில் டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்லாமல் உபதேசம் செய்கிறவர்கள்தான் குற்றவாளிகள். சோறு அல்ல!