அதுவேதானா, அதில் ஒன்றா?



வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, காகிதத்தில் ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளோடு நகர வாழ்க்கையை நடத்துகிறோம். பேச்சில் பிழை நேர்ந்தால் அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாம். காகிதத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த நாம் அருகில் இருப்பதில்லை. நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டுச் சகோதரர் ஒருவர், தண்ணீர்ப் பம்புகளைப் பராமரிக்கும் வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரும்படி கேட்டார். மின்சார வேலைகள் எல்லாம் தெரிந்தவர். மோட்டார் காயில் சுற்றுவதில் பழுத்த அனுபவம் உள்ளவர். நான் ஆங்கிலத்தில், "ஐ நோ எலெக்ட்ரிக்கல் ஒர்க், ஐ.இ., ஹவுஸ் வயரிங் அண்ட் ஃபேன் ரிப்பேர்" என்று எழுதிக்கொடுத்தேன். இரண்டு உதாரணங்கள் கொடுத்ததாகவே என் எண்ணம். அவர் திரும்பி வந்து, "ஐயா, எனக்கு வயரிங்கும் ஃபேனும் மாத்திரந்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறதாமே?" என்று கேட்டார். அதிகாரி வாசித்தது சரி, எழுதியவன்தான் தவறினேன். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

ஐ.இ. என்பது 'இட் எஸ்ட்' என்னும் லத்தீன் சொற்களின் சுருக்கம். 'அதாவது' என்று பொருள். முன்னே சொன்னதும் பின்னே சொல்வதும் ஒன்றே என்று அது சாட்சி கூறுகிறது. நான் எழுதியிருக்க வேண்டியது ஈ.ஜி. அது 'எக்ஸெம்ப்ளி கிராட்டியா' என்பதன் சுருக்கம். 'உதாரணமாக' என்று பொருள். முன்னதில் முழுமையும் அடங்கும்; பின்னதில் ஒரு பகுதியே வரும். சந்தேகம் வந்தால் சுருக்கங்களை விட்டுவிட்டு 'தட் இஸ்' என்றோ 'ஃபார் எக்ஸாம்பிள்' என்றோ முழுமையாக எழுதுங்கள்.

'இன் அதர் வேர்ட்ஸ்' என்னும் தொடருக்கும் இதே சட்டம் உண்டு. அதற்குப் பின் வருவது புதிய செய்தியாயிருக்கலாகாது. சொன்னதையே தெளிவாக்க வேண்டும். "தி ரெண்ட் இஸ் டியூ இன் அட்வான்ஸ்; இன் அதர் வேர்ட்ஸ், யூ மஸ்ட் பே பிஃபோர் தி மந்த் பிகின்ஸ்" என்பது சரி. முன்பணம் என்பதன் அர்த்தம் விளங்கிவிட்டது. அதே இடத்தில் "தி ஓனர் இஸ் ஸ்ட்ரிக்ட்" என்று எழுதினால் தவறு. வீட்டுக்காரரின் சுபாவம் வேறு செய்தி. வாடகை விதியின் மறுகூற்று அன்று. இத்தொடருக்கு முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வைத்து, பின் காற்புள்ளி இடுங்கள்.

'நேம்லி' என்பது பெயர்களை வரிசைப்படுத்தும். "டூ டேஸ், நேம்லி சாட்டர்டே அண்ட் சண்டே" என்றால் அந்த இரண்டு நாட்களே, மூன்றாவது இல்லை. 'ஆர் ராதர்' என்பது சொன்னதைத் திருத்திக்கொள்வதற்கு உரியது.

தமிழில் பேசும்போது யோசிக்க நேரம் வேண்டி, 'அதாவது, அதாவது' என்கிறோம். அந்தப் பழக்கத்தை ஆங்கிலக் கடிதத்துக்குக் கொண்டுபோகாதிருப்போமாக. முதல் வாக்கியம் தெளிவாயிருந்தால் மறுகூற்று எதற்கு? தெளிவில்லையானால், இரண்டாவதை முதலாவதின் இடத்தில் வைத்துவிட்டு முதலாவதை அடித்துவிடுங்கள். கடிதம் சுருங்கும், கருத்தும் துலங்கும். அந்நியமான சொல்லையோ விதியையோ விளக்கும் இடத்தில் மாத்திரமே இரண்டும் தேவை.

உங்கள் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ பின்னால் எழுதியிருப்பது அதுவேதானா, அதில் ஒன்றா?" அதுவேயானால் 'தட் இஸ்'. அதில் ஒன்றானால் 'ஃபார் எக்ஸாம்பிள்'. இந்தக் கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால், அந்தச் சகோதரருடைய கைத்திறன் முழுவதும் காகிதத்தில் ஏறியிருக்கும்.