நாற்காலி கிடைத்தது, நீதி எங்கே? கென்யாவின் எதிர்க்கட்சி நமக்குச் சொல்லும் பாடம்



தேர்தலில் மோசடி நடந்தது என்று எதிர்க்கட்சி குரல் கொடுத்தால் ஆளுங்கட்சி என்ன சொல்லும்? "ஆதாரம் இருந்தால் நீதிமன்றம் போ!" சரி, வெளிநாட்டிலிருந்து நடுவரைக் கூப்பிடலாம் என்றால்? "நாட்டின் மானத்தை விற்கிறான்!" இரண்டு பக்கமும் கதவை அடைக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் எதிர்க்கட்சி 2008-ல் இந்த இரண்டு கதவுகளுக்கும் முன்னால் நின்றது. அது எடுத்த முடிவுகளில் சரியும் உண்டு, பெரும் தவறும் உண்டு. உழைக்கும் மக்கள் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2007 டிசம்பர் 27-ல் தேர்தல். வாக்கு எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தவர் எதிர்க்கட்சியான ஆரஞ்சு ஜனநாயக இயக்கத்தின் தலைவர் ரைலா ஒடிங்கா. திடீரென்று கணக்கு மாறியது. டிசம்பர் 30-ல் அதிபர் முவாய் கிபாக்கி வென்றதாக அறிவித்தார்கள். அன்று மாலையே அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணமும் முடிந்தது! கிபாக்கி உண்மையில் வென்றாரா என்று தமக்கே தெரியாது என்று தேர்தல் ஆணையத் தலைவரே பிறகு சொன்னார்.

நாடு தீப்பற்றியது. எல்டோரெட் அருகே தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த பலர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கிபாக்கியின் இனத்தவர். கொளுத்தியது எதிர்க்கட்சியை ஆதரித்த கூட்டம். மறுபக்கம் கிசுமு நகரில் எதிர்க்கட்சி ஆதரவாளர்களைப் போலீஸ் சுட்டது. மொத்தம் 1,133 பேர் மாண்டார்கள், அவர்களில் 405 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள் என்று பிறகு அமைந்த வாக்கி விசாரணை ஆணையம் கணக்கிட்டது. வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில்.

எதிர்க்கட்சி ஏன் நீதிமன்றம் போகவில்லை? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1997 தேர்தலில் அப்போதைய அதிபர் மோயிடம் தோற்று, வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? இதே கிபாக்கிதான்! மனுவை மோயின் கையில் நேரில் கொடுக்கவில்லை என்று சொல்லி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஆயுதக் காவல் சூழ வாழும் அதிபரின் கையில் யார் போய் மனுவைக் கொடுப்பது? அந்த நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று பட்டுத் தெரிந்துகொண்டவர், பத்து ஆண்டு கழித்து அதே வழியை எதிராளிக்குக் காட்டினார்! ரைலா மறுத்தது நூற்றுக்கு நூறு சரி. சட்டம் படித்தவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். நடுநிலை இல்லாத நீதிமன்றம் திருட்டுக்கு ரசீது எழுதித் தரும் இடம்.

அடுத்து, நடுவர். நாங்கள்தான் வென்றோம், அதிகாரத்தைப் பகிர நடுவர் எதற்கு என்ற தோரணையில் அரசுத் தரப்பு பேசியது. கானா அதிபர் குஃபூர் சமரசம் பேச வந்த 2008 ஜனவரி 8-ஆம் தேதியே கிபாக்கி பாதி அமைச்சரவையை அறிவித்தார். நேரில் வா, நாமே பேசிக்கொள்வோம் என்று ரைலாவை அழைத்தார். நடுவர் இல்லாமல் வரமாட்டேன் என்றார் ரைலா. அதுவும் சரிதான். முதலாளி அறைக்குள் தனியாகப் போன தொழிலாளி என்ன ஆவான் என்று நமக்குத் தெரியாதா?

ஜனவரி 22-ல் ஐ.நா.வின் முன்னாள் தலைமைச் செயலாளர் கோபி அன்னான் வந்தார். பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. எதிர்க்கட்சி ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக நின்றது: கொடுக்கும் அதிகாரம் அரசியலமைப்பில் எழுதப்பட வேண்டும். காரணம், 2002-ல் கிபாக்கி ரைலாவுக்குப் பிரதமர் பதவி தருவதாக ஓர் உடன்பாடு இருந்தது. வென்றதும் அது காற்றில் பறந்தது! ஒரு தடவை ஏமாந்தவர்கள் மறுபடி ஏமாறத் தயாராக இல்லை. பிப்ரவரி 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சட்டமும் திருத்தப்பட்டது. ரைலா பிரதமர் ஆனார்.

இதுவரை பாராட்டலாம். இனிமேல்தான் கேள்வி!

அன்னான் முன்னிலையில் ஒப்புக்கொண்ட விஷயங்கள் நான்கு: வன்முறையை நிறுத்துவது, அகதிகளுக்கு உதவுவது, அரசியல் நெருக்கடியைத் தீர்ப்பது, நிலம், வறுமை, வேலையின்மை, தண்டனையின்றித் தப்பும் வழக்கம் போன்ற அடிப்படை நோய்களுக்கு மருந்து தேடுவது. மூன்றாவதை மின்னல் வேகத்தில் முடித்தார்கள். சுமார் 40 அமைச்சர்கள் கொண்ட மாபெரும் அமைச்சரவை! நான்காவது?

கொலைகாரர்களை விசாரிக்க உள்நாட்டில் தனி நீதிமன்றம் வேண்டும் என்று வாக்கி ஆணையம் சொன்னது. 2009 பிப்ரவரியில் அந்த மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. எதிர்த்தவர்களில் இரண்டு தரப்பு உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆம், எதிர்க்கட்சியாக இருந்தவர்களும்தான்! கிபாக்கியும் ரைலாவும் ஆதரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் பதவிக்காக இரவு பகலாகப் பேரம் பேசிய தலைவர், செத்தவர்களுக்காகத் தன் சொந்த உறுப்பினர்களைக்கூட ஒன்றுசேர்க்க முடியவில்லையே! வழக்கு ஹேக் நகரின் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கும் 2014-லும் 2016-லும் வழக்குகள் சரிந்தன. தேவாலயத்தில் எரிந்த குழந்தைக்கும் கிசுமுவில் சுடப்பட்ட இளைஞனுக்கும் நீதி கிடைக்கவில்லை.

சமரசத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொலைகள் நின்றன. 2010-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. அது உருவாக்கிய உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பர் 1-ல், ஆட்சியில் இருந்த அதிபரின் தேர்தல் வெற்றியையே ரத்து செய்தது! அந்த வழக்கைப் போட்டவர் அதே ரைலா ஒடிங்கா. நம்பத்தக்க நீதிமன்றம் இருந்தபோது அவர் நீதிமன்றம் போனார். 2008-ல் மறுத்தது சாக்குப்போக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மக்களே, நம் பெயரைச் சொல்லிப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும் எந்தத் தலைவரையும் இப்படிக் கேளுங்கள்: எழுத்தில் வாங்கினீர்களா? அதை மீறினால் யார் தட்டிக்கேட்பது? அடிபட்டவனுக்கும் செத்தவனுக்கும் எந்தத் தேதியில் என்ன கிடைக்கும்? முதல் இரண்டுக்குக் கென்யாவின் எதிர்க்கட்சியிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை.

தலைவருக்கு நாற்காலி கிடைத்த நாளில் போராட்டம் முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கணக்குக் கேட்க வேண்டிய நாள் அதுதான்!