ஏட்டில் ஏறாத பெயர்

 

குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுக்கிறோம். முடியிறக்கி, அழகிய பெயரைச் சூட்டி, உற்றார் உறவினருக்கு விருந்தளிக்கிறோம். ஆனால், சூட்டிய அந்தப் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றினோமா என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மாதம் அது குறித்துச் சிறிது சிந்திப்போம்.

பதிவேடு என்பது நமக்குப் புதியதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 'திவான்' என்னும் ஏட்டை ஏற்படுத்தி, அரசின் உதவித்தொகை பெறுவோர் பெயர்களை அதில் எழுதச் செய்தார்கள். தொடக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை வழங்கப்பட்டது. அதற்காகத் தாய்மார் அவசரப்பட்டுப் பாலை நிறுத்துவதை அறிந்த கலீஃபா, பிறந்தது முதலே தொகை உண்டு என ஆணையிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நம் கோவைக்கு வருவோம். 1866இல் இங்கு நகராட்சி அமைந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் அதன் முதல் தலைவர். பின்னாளில் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார், சிறுவாணி நீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். ஆர்.எஸ்.புரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1981இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. 2011இல் குனியமுத்தூர், குறிச்சி, கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி போன்ற பேரூராட்சிகளும் அதனுடன் இணைந்தன. 72 வார்டுகள் 100 ஆயின. புறநகர்வாசிகளான நாம் குடிநீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் வார்டு அலுவலகத்தை நாடுகிறோம். அதே உள்ளாட்சியின் பொறுப்பில்தான் நம் பிள்ளைகளின் பிறப்பு ஏடும் இருக்கிறது.

என் தவறு ஒன்றையே சொல்கிறேன். என் மகள் அவளுடைய தாய்வீட்டாரின் ஊரான பொள்ளாச்சியில் பிறந்தாள். மருத்துவமனையார் பிறப்பைப் பதிவு செய்துவிட்டனர். சான்றிதழும் கைக்கு வந்தது. அதை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது எடுத்துப் பார்த்தால், பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது! பிறருடைய பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நான், என் பிள்ளையின் பெயரை எழுதத் தவறியிருந்தேன். கெடு முடியச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. இருமுறை பொள்ளாச்சிக்கு நடந்து, தாமதக் கட்டணம் செலுத்திப் பெயரை ஏற்றினேன். அல்ஹம்துலில்லாஹ்.

முறை இதுதான். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரின் கடமை. ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். பெயரின்றிப் பதிவாகியிருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடன் சேர்க்கலாம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நாம் குடியிருக்கும் ஊரிலன்று, குழந்தை பிறந்த ஊரிலேயே பதிவு நடைபெறும். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் நம் பெண்களுக்கு இது முக்கியம்.

2023 அக்டோபர் 1ஆம் நாள் முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் எனச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. ஆகவே பெயரின் எழுத்திலும் கவனம் தேவை. 'முஹம்மது' என்னும் ஒரே திருப்பெயரை ஆங்கிலத்தில் சான்றிதழில் ஒருவிதமாகவும், பள்ளியில் ஒருவிதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும் எழுதிவிட்டு, பிள்ளை வளர்ந்தபின் அலைகிறோம். பெயர் வைக்கும் நாளிலேயே எழுத்தை முடிவு செய்து, தந்தையின் முன்னெழுத்துடன் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். கடனை எழுதி வைப்பதற்கே அத்தனை வற்புறுத்தல் என்றால், பிள்ளையின் உரிமையை எழுதி வைப்பதில் அலட்சியம் தகுமா?

இன்றிரவே பெட்டியைத் திறந்து, உங்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயர் வெறுமையாக இருந்தால் நாளைக்கென்று ஒத்திப்போடாதீர்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.